பட்ஜெட் டயரா, பிரீமியம் டயரா? மழையில் பிரேக் பிடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்

சர்வீஸ் சென்டரில் இருந்து போன் வரும்: "சார், நாலு டயரும் முடிஞ்சிடுச்சு. மாத்திடலாமா?" அடுத்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு கொட்டேஷன் வந்து விழும். டயரின் அளவு ஒன்றுதான். விலையில் மட்டும் டயருக்கு 2,000, 3,000 ரூபாய் வித்தியாசம். எது நல்லது என்று கேட்டால், "ரெண்டும் நல்லா ஓடும் சார், உங்க பட்ஜெட்டைப் பொறுத்தது" என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. இரண்டும் நன்றாகவே ஓடும். பிரச்சினை நிற்பதில்தான். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் 80, 100 கி.மீ. வேகத்தில் போகிறது. நனைந்த சாலையில் எந்த டயர் எத்தனை மீட்டருக்குள் நிற்கும் என்ற தகவல் அந்த இரண்டு கொட்டேஷனிலும் இருக்காது. பிராண்ட் பெயரையும் விலையையும் பார்த்து வாங்குபவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே 'பட்ஜெட்' என்றால் என்ன?

ஐரோப்பாவில் பட்ஜெட் டயர் என்றால் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து இறக்குமதியாகும், பெயர் தெரியாத மலிவு பிராண்டுகள். இந்தியாவில் நிலைமை வேறு. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன்பின் மலிவான வெளிநாட்டு டயர் தாராளமாக வந்து குவியும் வாய்ப்பு குறைந்தது.

அதனால் இங்கே கடைக்காரர் "பட்ஜெட்" என்று சொல்லும்போது பெரும்பாலும் எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே போன்ற இந்திய நிறுவனங்களின் வழக்கமான மாடல்களைத்தான் சொல்கிறார். "பிரீமியம்" என்றால் மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல், பிரெல்லி போன்ற பெயர்கள். இந்திய நிறுவனங்களைச் சாதாரணமாக எடைபோட முடியாது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் தயாரிப்பில் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். ஒரகடத்தில் அப்பல்லோவும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜேகே, சியட் நிறுவனங்களும் ஆலை நடத்துகின்றன.

எல்லைக்கோடும் அவ்வளவு தெளிவாக இல்லை. நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டெய்ன் பிராண்டை 2009-இல் வாங்கியது அப்பல்லோ. இன்று அதையே தன் பிரீமியம் வரிசையாக இந்தியாவில் விற்கிறது. ஒரே நிறுவனத்தில் நீண்ட ஆயுளுக்கு ஒரு மாடல், நெடுஞ்சாலைப் பிடிமானத்துக்கு ஒரு மாடல், சொகுசுக்கு ஒரு மாடல் என்று இருக்கும். ஆகவே எந்த பிராண்ட் என்பதோடு எந்த மாடல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக வரும்.

கூடுதல் காசு எங்கே போகிறது?

டயர் வடிவமைப்பில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்: நீண்ட நாள் உழைப்பது, எரிபொருளைக் குறைவாகக் குடிப்பது, ஈரத்தில் பிடித்து நிற்பது. ரப்பர் கலவை மென்மையாக இருந்தால் பிடிமானம் கூடும், சீக்கிரம் தேயும். கடினமாக இருந்தால் ஆயிரக்கணக்கான கி.மீ. கூடுதலாக ஓடும், மழையில் வழுக்கும் வாய்ப்பும் கூடும்.

விலை உயர்ந்த டயரில் பெரும்பாலும் இந்த இழுபறியைச் சமாளிப்பதற்குத்தான் காசு போகிறது. ரப்பரில் கார்பன் கருப்புடன் சிலிகா கலப்பது அதற்கு ஓர் உதாரணம். உருளும்போது ஏற்படும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிமானத்தையும் கூட்ட சிலிகா உதவுகிறது. தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களின் வடிவமைப்பு, சத்தத்தைக் குறைக்கும் பட்டன் அமைப்பு ஆகியவற்றுக்கும் ஆராய்ச்சிச் செலவு உண்டு. இவை போக விளம்பரத்துக்கும் பெயருக்கும் ஒரு பங்கு போகிறது என்பதையும் மறுக்க முடியாது.

14 மீட்டர் கணக்கு

இதெல்லாம் சாலையில் எவ்வளவு பெரிய விஷயம்? பள்ளி இயற்பியல் கணக்கு ஒன்று போதும். நனைந்த சாலையில் ஒரு டயரின் உராய்வு எண் 0.7, இன்னொன்றுக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். இவை எந்த பிராண்டின் சோதனை முடிவும் இல்லை, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுவதும் அழுத்தினால் முதல் கார் சுமார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க சுமார் 50 மீட்டர் வேண்டும். வித்தியாசம் 14 மீட்டர், அதாவது மூன்று ஹேட்ச்பேக் கார்களை வரிசையாக நிறுத்தும் நீளத்துக்கும் அதிகம். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 43 கி.மீ. இருக்கும். முன்னால் ஒரு பைக் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தைக் குறைத்தால் இந்த இடைவெளியும் சுருங்குகிறது. அதே டயர்களோடு 50 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் 6 மீட்டருக்குள் அடங்கும். 100 கி.மீ. வேகத்தில் 22 மீட்டரைத் தாண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கும், மாதம் இருமுறை சென்னையில் இருந்து மதுரைக்கோ கோவைக்கோ போய்வரும் காருக்கும் ஒரே பதில் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இன்னொரு உண்மையும் இதில் ஒளிந்திருக்கிறது. பட்டன் தேய்ந்த பிரீமியம் டயரைவிட, பள்ளம் ஆழமாக உள்ள புதிய சாதாரண டயர் தேங்கிய நீரில் நம்பகமானது. புது கார் டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். 1.6 மி.மீ. என்பது சட்டப்படி குறைந்தபட்ச அளவு. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ. அளவிலேயே மாற்றிவிடுவது பாதுகாப்பு. "பெரிய கம்பெனி டயர், இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்" என்று வடகிழக்குப் பருவமழைக்குள் நுழைவதுதான் மிக மோசமான சிக்கனம்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இப்போது பணக் கணக்கு. ஒரு டயர் 5,500 ரூபாய், இன்னொன்று 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு முறையே 22,000, 34,000. முதலாவது 40,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 55 பைசா. இரண்டாவது 55,000 கி.மீ. ஓடினால் 62 பைசா. வித்தியாசம் 7 பைசாதான். ஆனால் பிரீமியம் டயரும் 40,000 கி.மீ.யிலேயே தேய்ந்துவிட்டால் செலவு 85 பைசாவாகிவிடும். மென்மையான கலவை கொண்ட மாடல்களில் அப்படி நடப்பது சாதாரணம். "விலை அதிகம், அதனால் அதிக நாள் உழைக்கும்" என்ற நம்பிக்கை எல்லா நேரமும் சரியாக வராது.

அந்த மோசமான நிலையிலும் கூடுதல் செலவு கிலோமீட்டருக்கு 30 பைசா. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 3,000 ரூபாய். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 கி.மீ. என்றால் அதே தூரத்துக்கு பெட்ரோலுக்கு மட்டும் 66,000 ரூபாய்க்கு மேல் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டயர் செலவின் உண்மையான அளவு புரியும்.

வரியும் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அடிப்படை விலை 5,000 ரூபாய் உள்ள டயரில் 500 ரூபாய், நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தை ஒருபடி மேலான மாடலுக்கு ஒதுக்குவது பற்றி யோசிக்கலாம்.

யாருக்கு எது?

ஊருக்குள் மட்டும், ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓடும் கார்: நல்ல இந்திய நிறுவனத்தின் நடுத்தர மாடலே போதும். இந்த ஓட்டத்தில் 40,000 கி.மீ. தேய எட்டு ஆண்டு ஆகும். அதற்குள் வெயிலிலும் வயதிலும் ரப்பர் இறுகிவிடும். ஆகவே நீண்ட ஆயுளுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் டயரைப் பரிசோதிக்க வேண்டும், பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்களின் ஆலோசனை.

அடிக்கடி நெடுஞ்சாலையில், குடும்பத்தோடு, மழையிலும் போகும் கார்: இங்கேதான் கூடுதல் 10,000, 12,000 ரூபாய்க்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஈரப் பிடிமானத்துக்குப் பெயர் பெற்ற மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதிக கி.மீ. தரும் என்று விளம்பரப்படுத்தும் மாடலை பிரீமியம் விலைக்கு வாங்கினால் நோக்கமே தவறிவிடும்.

தினமும் 60, 70 கி.மீ. அலுவலகம் போய்வரும் கார்: கிலோமீட்டர் செலவுதான் முதல் கணக்கு. நீண்ட ஆயுள் மாடல் வாங்கி, 3 மி.மீ.யில் தயங்காமல் மாற்றுவது சரியான வழி.

மின்சார கார்: பேட்டரி எடையும் உடனடி இழுவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். உருளல் தடை அதிகமான டயரைப் போட்டால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். காரோடு வந்த டயரின் எடை தாங்கும் எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

எந்தக் காருக்கும் பொருந்தாத ஒரு சிக்கனமும் உண்டு. பழைய டயரில் பள்ளத்தை மறுபடி வெட்டி "கட்டிங்" போட்டு விற்கும் செகண்ட் ஹேண்ட் டயர்கள். வெட்டும்போது கம்பி அடுக்குக்கு மேலுள்ள ரப்பர் இன்னும் மெலிகிறது. உள்ளே என்ன அடிபட்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது. இதைவிட புதிய டயர்களில் இருப்பதிலேயே விலை குறைந்தது எவ்வளவோ மேல்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்ற மாதிரி எழுதியிருக்கும். 185 என்பது மி.மீ.யில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் சதவீதம், 15 என்பது ரிம் அளவு அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை ஏற்றது. கடைசி இரண்டும் கார் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் அவசியம்.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. "ஆஃபர்" விலையில் கிடைக்கும் டயர் குடோனில் இரண்டு ஆண்டு கிடந்ததா என்பதை இது சொல்லிவிடும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் இதுதான் விதி. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது பெரும்பாலானவர்களுக்கு முடியாத காரியம். பல கடைகளில் யோசிக்காமல் முன்னால் மாட்டிவிடுவார்கள். கேட்டு மாற்றச் சொல்லலாம். கூடவே மாதம் ஒருமுறை காற்று, உரிய நேரத்தில் அலைன்மென்ட், பேலன்சிங். இவை இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும்.

சோதனை உண்டு, மதிப்பெண் தெரியாது

இவ்வளவு சொன்ன பிறகும், இரண்டு மாடல்களில் எது மழையில் சீக்கிரம் நிற்கும் என்று கடையில் நின்று ஒப்பிட வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கார் டயர்களோடு ஒரு லேபிள் வருகிறது. எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் ஏ முதல் இ வரை தரவரிசை, கூடவே சத்தத்தின் அளவு. படித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இந்தியாவிலும் சோதனை இல்லாமல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட அறிவிக்கைப்படி உருளல் தடை, ஈரப் பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றிலும் டயர்கள் ஏஐஎஸ் 142 தரத்தைத் தாண்டியாக வேண்டும். இது நல்ல மாற்றம். ஆனால் பாஸ் ஆனதா என்பது மட்டும்தான் வாங்குபவருக்குத் தெரியும். 36 எடுத்துப் பாஸ் ஆனதா, 95 எடுத்துப் பாஸ் ஆனதா என்று தெரியாது. எரிசக்தித் திறன் செயலகமான பிஇஇ டயர்களுக்கு நட்சத்திரக் குறியீடு கொண்டுவந்திருக்கிறது. அதுவும் எரிபொருள் சிக்கனத்தை மையமாகக் கொண்டது.

ஃபிரிட்ஜ் வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்கப் பழகிவிட்டோம். அங்கே தவறு செய்தால் கரண்ட் பில் கூடும். டயரில் தவறு செய்தால் என்ன நடக்கும் என்பதை அந்த 14 மீட்டர் சொல்கிறது. சோதனை ஏற்கெனவே நடக்கிறது, முடிவு நிறுவனங்களிடம் இருக்கிறது. அதை டயர் மீது ஒரு ஸ்டிக்கராக ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டியது அமைச்சகத்தின் பொறுப்பு. அப்படி வந்தால் நல்ல பிடிமானம் தரும் விலை குறைந்த டயருக்கு உரிய மரியாதை கிடைக்கும். பெயரை மட்டும் காட்டி விலை கேட்கும் டயரும் அம்பலமாகும்.

அதுவரை, கொட்டேஷன் வந்ததும் கடைக்காரரிடம் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்த மாடலோட வெட் கிரிப் ரேட்டிங் என்ன?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவிலும் விற்கப்படும் மாடலாக இருந்தால் அதன் லேபிள் இணையத்தில் கிடைக்கக்கூடும். இல்லாவிட்டாலும் கேள்வி வீண் போகாது. தினமும் பத்துப் பேர் கேட்க ஆரம்பித்தால் அந்தக் கேள்வி கடையில் இருந்து கம்பெனிக்குப் போய்ச் சேரும்.