மேய்ப்பர் முதலில் ஒளிக்கு வரட்டும்

ஆராதனை முறைமையைப் பின்பற்றும் சபைகளில் பாவ அறிக்கைக்கு நிலையான இடம் உண்டு. 1552ஆம் ஆண்டு இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகம் காலை ஜெபத்தின் தொடக்கத்திலேயே பொது அறிக்கையை வைத்தது. அரசரும் பேராயரும் கூலியாளும் ஒரே சொற்களால் கடவுள்முன் பணிவது எவரும் விலக்கல்ல என்பதற்கு வலுவான சாட்சி. ஆனால் அந்தப் பன்மைக்குள் ஒரு தனி மனிதரின் குறிப்பிட்ட பாவம் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக ஒளிந்திருக்கவும் முடியும். நாங்கள் பாவிகள் என்று சொல்வது எளிது; இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று சொல்வதே கடினம். வாரந்தோறும் அந்த ஜெபத்தை நடத்தும் ஆயர்களாகிய நமக்கு இந்த ஆபத்து அதிகம். வாய் பழகிவிட்டால் மனம் விலகி நிற்கும். கடவுளுக்குமுன் தாழ்மையாக இருக்கிறேன் என்பவர், உடன் விசுவாசி ஒருவரின் முன்னிலையிலாவது உண்மையாக இருக்க வேண்டும். அந்த ஒழுக்கத்தைத் தொடங்க வேண்டியவர்கள் சபையார் அல்ல, ஊழியர்கள். இதுவே இவ்வுரையின் வாதம்.

பாவம் கடவுளுக்கும் எனக்கும் இடைப்பட்டது, இதில் மூன்றாம் மனிதர் எதற்கு என்பது முதல் மறுப்பு. மன்னிப்பவர் கடவுள் ஒருவரே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வேதம் காட்டும் மனித மனம் தன்னை மறைப்பதில் தேர்ந்தது. தாவீது கடவுளை அறியாதவன் அல்ல. ஆயினும் உரியாவின் மரணத்துக்குப் பிறகு அவன் கண்ணைத் திறக்க நாத்தான் வர வேண்டியிருந்தது. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவான்மேல் கொதித்தெழுந்த அரசன், அந்தக் கதையில் இருப்பது தானே என்பதைக் காணவில்லை. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு அந்த ஜெபத்தை நாத்தானின் வருகையோடு இணைக்கிறது: மனிதர் ஒருவர் வந்து பேசிய பிறகே கடவுளிடம் அந்த ஜெபம் எழுந்தது. யோவானின் முதல் நிருபம் ஒளியில் நடப்பதையும் ஒருவரோடொருவர் ஐக்கியப்படுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. யாக்கோபு இன்னும் நேராக, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறார். கடவுளிடம் மட்டும் சொன்னேன் என்பது, பல வேளைகளில், நானே கேட்டு நானே மன்னித்துக்கொண்டேன் என்பதாக முடிந்துவிடுகிறது.

இந்த உபதேசம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் நமக்குக் கிடைத்துள்ள தெளிவான சான்று. 1929ஆம் ஆண்டு கம்பாலாவின் நமிரெம்பே குன்றில், ருவாண்டாவின் ககினி மருத்துவமனையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஜோ சர்ச்சும், உகாண்டாவைச் சேர்ந்த சிமியோன் நிசிபாம்பியும் சேர்ந்து ஜெபித்து வேதம் வாசித்தார்கள். 1930களில் அந்த அனல் ருவாண்டா, உகாண்டா எங்கும் பரவி, பின்னர் கென்யா, தான்சானியா வரை சென்றது. ஐக்கியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து தன் குற்றத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவார்; கூடியிருந்தோர் இயேசுவைத் துதிக்கும் லுகாண்டா பல்லவியைப் பாடி அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அறிக்கை அங்கேயே முடிந்துவிடவில்லை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய கடனைத் தீர்த்தார்கள். பகைத்தவர் வீட்டுக்கு நடந்தே போனார்கள். வெள்ளையரான மிஷனெரிகள் தங்கள் இனப் பெருமையை ஆப்பிரிக்கச் சகோதரர் முன்னிலையில் அறிக்கையிட்டதுதான் இவற்றில் மிகப் பெரியது. குடியேற்ற ஆட்சியின் நடுவில், தோல் நிறமே தகுதியைத் தீர்மானித்த காலத்தில், எந்தச் சட்டமும் செய்யாததை அந்த அறிக்கை செய்தது.

தன் குறையைத் திறந்து சொல்லும் ஆயரைச் சபை மதிக்குமா என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. குறை கண்டால் அதையே பிடித்து இழுப்போர் எந்தச் சபையிலும் உண்டு. ஆனால் வரலாறு வேறுவிதமாகப் பேசுகிறது. 1948இல் இந்த எழுப்புதலில் மனந்திரும்பியவர் ஜனானி லுவும். பின்னாளில் உகாண்டாவின் பேராயரான அவர், இடி அமீனின் ஆட்சியில் நடந்த கொலைகளைக் கண்டித்து 1977 பிப்ரவரியில் பிற ஆயர்களோடு சேர்ந்து கடிதம் அனுப்பினார். அதே மாதம் 16ஆம் தேதி கொல்லப்பட்டார். தன்னைப் பற்றிய உண்மையைச் சகோதரர்முன் சொல்லப் பழகியவருக்கு, அரசனைப் பற்றிய உண்மையை அரசன்முன் சொல்லும் துணிவும் வந்தது என்றே இதை வாசிக்கிறேன். மறைக்க ஏதுமில்லாதவரை மிரட்டுவது கடினம். ஆயரின் அதிகாரத்தைக் கெடுப்பது அவருடைய குறை அல்ல. குறை இல்லாதவர்போல் நடந்துகொள்வதும், அது ஒருநாள் வெளிப்படும்போது சபை அடையும் அதிர்ச்சியுமே.

வெளிப்படையான அறிக்கை கேடாகவும் மாறக்கூடும் என்ற மறுப்பை எளிதில் தள்ள முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே அது நடந்தது. சொல்லத்தகாதவற்றை எல்லார் முன்னும் விவரித்தவர்கள் இருந்தார்கள். தன் அறிக்கையோடு பிறர் பெயரையும் இழுத்தவர்கள் இருந்தார்கள். அறிக்கையிடாதவரை இரட்சிக்கப்படாதவர் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். 1941இல் முக்கோனோ இறையியல் கல்லூரியிலிருந்து வில்லியம் நகெண்டா உள்ளிட்ட 26 மாணவர்கள் வெளியேற்றப்பட்ட பிணக்கும் இந்த எழுப்புதலின் வரலாற்றில் உண்டு. தாழ்மையே புதிய பெருமையாக மாறும் அபாயம் உண்மையானது. ஆயக்காரனின் ஜெபத்தைப் பரிசேயனின் மனத்தோடு சொல்லவும் முடியும். எனவே வரம்பு வேண்டும். என் பாவத்தையே நான் சொல்ல வேண்டும், பிறருடையதை அல்ல. யாருக்குத் தீங்கு செய்தேனோ அவரிடமும், முதிர்ந்த ஓரிருவரிடமும் சொன்னால் போதும், மேடை தேவையில்லை. எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றமாக இருந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் நம்மைக் கடமைப்படுத்துகிறது. பாவ அறிக்கையைக் குற்றத்தை மூடும் போர்வையாக்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை.

மிகக் கடுமையான கேள்வி ருவாண்டாவிலிருந்தே எழுகிறது. எழுப்புதல் வேரூன்றிய அதே மண்ணில், 1994இல் ஏறத்தாழ 100 நாட்களில் லட்சக்கணக்கான துட்சி மக்களும், படுகொலையை எதிர்த்த ஹூட்டு மக்களும் கொல்லப்பட்டார்கள். ஆலயங்களுக்குள்ளேயே பலர் வெட்டப்பட்டார்கள். ஊழியர் சிலரும் உடந்தையாயினர். அப்படியானால் அந்த அறிக்கைகளின் பயன் என்ன? குடிவெறி, பொய், களவு, விபசாரம் ஆகியவற்றை அறிக்கையிடப் பழகிய சபை, இன வெறுப்பை அதே கூர்மையோடு அறிக்கையிடத் தவறியது என்பதே என் பதில். இதில் வெளிப்படையின் குற்றம் இல்லை. அந்த வெளிப்படை பாதியில் நின்றுபோனதே குற்றம். இந்தப் பாடம் நமக்கும் உரியது. நம் சபைகளில் சாதி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலும், சபைத் தேர்தலிலும், திருமணப் பேச்சிலும் அது நடமாடுகிறது. பாவ அறிக்கையில் மட்டும் அதன் பெயர் வருவதில்லை.

செய்ய வேண்டியது என்ன? 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியை நடத்திய ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், திருவிருந்துக்கு முன் மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் தனியே பாவ அறிக்கை செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். லுத்தரன் மாணவர்களுக்கு முதலில் அது விநோதமாகவே இருந்தது. அறிக்கை செய்யாதவர் பிறர் அறிக்கையைக் கேட்கத் தகுதியற்றவர் என்பது அவர் போதனை. நம் ஆயர் கூடுகைகளில் சுற்றறிக்கைக்கும் கணக்குக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. ஒவ்வோர் ஆயரும் தம் பதவி உயர்விலோ இடமாற்றத்திலோ கைவைக்க முடியாத, வாய்க்காவல் உள்ள இன்னோர் ஊழியரைத் தேர்ந்துகொள்ளலாம். பெண் ஊழியர்கள் பெண் ஊழியர்களையே தேர்வது நலம். மாதம் ஒருமுறை சந்தித்து, பணம், அதிகாரம், உடல் இச்சை, சாதி ஆகிய நான்கைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசி, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யத் தேதி குறித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கலாம். இதற்குப் பேராயத்தின் அனுமதியோ தீர்மானமோ தேவையில்லை. வரும் தபசு காலத்தில் சபையாரை மனந்திரும்ப அழைக்கும் முன், நாம் இதைத் தொடங்கியிருக்க வேண்டும்.