சாவி யாரிடம்?

தில்லியில் பயிலும் நம் மாணவர்களுக்குத் தெரிந்த சுற்றுலா வழிகள் இரண்டே. ஒன்று ஆக்ராவுக்குப் போகிறது. மற்றொன்று ஜெய்ப்பூருக்குப் போகிறது. அகன்ற சாலை, விரைந்து செல்லலாம். இடையிலுள்ள ஊர்களின் பெயர்கள் பச்சைப் பலகைகளில் தோன்றி மறையும். அவ்வூர்களிலும் மனிதர் வாழ்கிறார்கள் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை.

சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நால்வர் நண்பர் ஒருவரின் பழைய காரில் வேறு வழியே புறப்பட்டோம். பிவானி, லோஹாரு, பிலானி எனச் சிற்றூர்ச் சாலைகளைப் பிடித்து ராஜஸ்தானத்தின் சேகாவதிப் பகுதியை அடைந்தோம். ஜுன்ஜுனு, சிகார், சூரு மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பகுதி அது. இருபுறமும் கடுகு பூத்திருந்தது. ஒட்டக வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மண்குவளையில் தேநீர் அருந்தி, மண்டாவா, நவல்கர், பதேபூர், ராம்கர் ஆகிய ஊர்களைப் பார்த்தோம்.

எங்கு நோக்கினும் மாளிகைகள்! ஹவேலி என்பது அவற்றின் பெயர். சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுவரெல்லாம் ஓவியம். ஒரு சுவரில் கண்ணனும் கோபியரும். அடுத்த சுவரில் புகைவண்டியும் தொப்பியணிந்த வெள்ளைக்காரரும். ஆனால் பெரும்பாலான கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது.

காரணம் என்ன? முன்னாளில் குஜராத்துத் துறைமுகங்களிலிருந்து வடக்கே சென்ற வணிகக் கூட்டங்கள் இவ்வழியே போயின. கல்கத்தாவும் பம்பாயும் வளர்ந்து, இருப்புப்பாதையும் வந்தபின் ஒட்டகப் பாதை ஓய்ந்தது. வணிகர்கள் அந்நகரங்களுக்குச் சென்று பொருள் ஈட்டினர்; ஊருக்கு அனுப்பி மாளிகை கட்டினர்; பின்னர்க் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டனர். வீடு மட்டும் தனியே நின்றது.

ராம்கரில் ஒரு முதியவர் எங்களுக்காகக் கதவைத் திறந்தார். உரியவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டோம். “குழந்தைக்கு முடியிறக்க வருவார்கள். ஒரு நாள் இருப்பார்கள்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு ஊரில் வீடு உண்டா, மகனே? சாவி யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. நண்பர்களே, வெட்கத்துடன் இதை எழுதுகிறேன். காரைக்குடிக்கு அருகில் என் பாட்டனாரின் தந்தை பர்மாவில் ஈட்டிய பொருளால் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே அது திறக்கப்படும். அதைப் பிரித்து, தேக்குத் தூண்களை விலைக்குக் கொடுக்கப் பங்காளிகள் முடிவு செய்திருப்பதாகத் தந்தையார் தொலைபேசியில் சொன்னபோது, “உங்கள் விருப்பம், அப்பா” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டவன் நான்.

பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரை விட்டுச் சென்றவர்களை நான் குறை கூறவில்லை, நானும் சென்றவனே. எல்லா வீட்டையும் காப்பாற்ற யாராலும் இயலாது. ஆனால் நவல்கரில் 1902-இல் எழுந்த பொத்தார் மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பதேபூரில் 1802-இல் கட்டிய ஹவேலி ஒன்றை 1998-இல் வாங்கிச் சீர்செய்தவர் பிரெஞ்சு நாட்டு ஓவியர் ஒருவர். கடல் கடந்து வந்தவருக்கு இருந்த அக்கறை, அவ்வீடுகளில் உரிமை உள்ளவர்களுக்கு வேண்டாமா? விற்பதாயினும், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டாமா?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவைப் பெருஞ்சாலையிலிருந்து விலக்கி, சிற்றூர்களின் வழியே நடத்துங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் கோடை விடுமுறையில் ஒரு வாரமேனும் சொந்த ஊரில் தங்கி, பழைய வீடு, குளம், சத்திரம் ஏதேனும் ஒன்றைப் படமெடுத்து, அளந்து, முதியோரிடம் கேட்டு எழுதி வாருங்கள். அக்கட்டுரைகளை இவ்விதழ் வெளியிடட்டும்.

நான் மீண்டும் தந்தையாரிடம் பேசினேன். பங்காளிகள் வைகாசி வரை பொறுக்க ஒப்பினர். அதற்குமேல் என்ன ஆகும் என்று சொல்ல இயலாது. சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறதாம். அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு சித்திரையில் புறப்படுகிறேன்.