மூணு எட்டு, ஒரு வீச்சு

அமெரிக்கர்கள் ஒரு விளையாட்டுக்கு 'ஃபுட்பால்' என்று பெயர் வைத்துவிட்டு, பந்தைக் காலால் தொடுவதை என்னவோ நேர்த்திக்கடன் மாதிரி எப்போதாவது ஒருமுறை செய்கிறார்கள். பந்தும் பந்து மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் கூராக, பப்பாளிக்காய் போல இருக்கிறது. ஆடுகிறவர்கள் ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். பைக்கில் போகவே ஹெல்மெட் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் பரிதாபப்படுவார்கள்.

இதன் உச்சகட்டம் 'சூப்பர் பௌல்'. அங்கே ஞாயிறு மாலை என்றால் புதுச்சேரியில் திங்கள் காலை ஐந்து மணி. பால் பாக்கெட்டும் ஆட்டமும் ஒரே நேரத்தில் வரும். அந்த வேளையில் என்னோடு உட்கார்ந்து பார்க்க ஊரில் ஒரே ஒருவர்தான் உண்டு. எதிர் வீட்டுப் பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊர் பாஷையில் 'சொல்தா'. ராணுவக்காரருக்கு விடிகாலை ஐந்து மணி என்பது ஏறக்குறைய மத்தியானம்.

"தம்பி, இந்தப் பையன் கையில பந்தை வெச்சிக்கிட்டு இன்னாத்துக்குப் பின்னாலயே போறான்? முன்னால ஓட வேண்டியதுதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று முடிவு செய்கிறவர் குவார்ட்டர்பேக். கல்யாண வீட்டில் மண்டபச் சாவியும் பணப்பையும் வைத்திருக்கும் மாமா மாதிரி. எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள்.

அவருக்கு முன்னால் ஐந்து ஆஜானுபாகுகள் சுவராக நிற்கிறார்கள். எதிரணி வழக்கமாக நாலு பேரை மட்டும் அந்தச் சுவரில் மோத அனுப்பும். மீதி ஏழு பேர் பின்னால் நின்று, பந்து பிடிக்க ஓடுகிறவர்களைக் காவல் காப்பார்கள். ஐந்துக்கு நாலு. குவார்ட்டர்பேக் நிதானமாகத் தேடிப் பார்த்து வீசலாம்.

திடீரென்று ஒரு தடவை நாலுக்குப் பதில் ஆறு பேர், ஏழு பேர் பாய்ந்து வருவார்கள். இதுதான் 'பிளிட்ஸ்'. ஜெர்மன் மொழியில் மின்னல். சுவரில் ஐந்து பேர்தானே? கணக்கு இடிக்கிறது. ஒருத்தராவது யாரும் தடுக்காமல் நேராக வந்துவிடுவார்.

வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985 நவம்பர் 18 திங்கட்கிழமை இரவு சாட்சி. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன், வயது 36. பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அவர் முன்னால் ஓடுகிற மாதிரி பாவனை காட்டி, திரும்பி மறுபடி தைஸ்மனிடமே வீசினார். எதிரியை ஏமாற்றும் வித்தை. ஆனால் வித்தைக்கு நேரம் பிடிக்கும். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் ஏமாறவில்லை, பாய்ந்துவிட்டார். தைஸ்மனின் வலது கால் எலும்பு இரண்டும் முறிந்தன. தேசம் முழுக்க டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தது. விழுத்திய டெய்லரே பதறி எழுந்து, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கையை ஆட்டினார். தைஸ்மன் அதற்கப்புறம் ஆடவே இல்லை.

ஆக, இங்கே இரண்டு வினாடியா மூன்று வினாடியா என்பது ஸ்கோர் விஷயம் மட்டுமில்லை. கால் விஷயம்.

சரி, தப்பிக்க வழி? உண்டு. அந்த வழி பிளிட்ஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஏழு பேர் பாய்ந்து வந்தால் பின்னால் காவலுக்கு நாலு பேர்தான் மிச்சம். வந்தவன் ஓர் இடத்தை விட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறான்? அந்த இடம் இப்போது காலி. பந்து போகவேண்டிய விலாசம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஊரே காந்தி ரோடு சண்டே மார்க்கெட்டில் நெருக்கியடிக்கும்போது மற்ற தெருக்கள் ஹாயாக இருக்குமே, அந்த மாதிரி.

சொல்வது சுலபம். குவார்ட்டர்பேக் மூணே எட்டு பின்னால் வைத்து, நாலாவது எட்டுக்குக் காத்திராமல் வீசிவிட வேண்டும். பந்து பிடிக்கிறவரும் இரண்டு மூன்று எட்டு நேராக ஓடி, சட்டென்று உள்பக்கம் குறுக்கே திரும்ப வேண்டும். அவர் திரும்பி முடிக்கும் முன்பே பந்து புறப்பட்டிருக்கும். ஆள் இருக்கும் இடத்துக்கு இல்லை, ஆள் வரப்போகும் இடத்துக்கு! இதில் இரண்டு பேரும் எதிராளியின் நிற்கும் தோரணையை ஆட்டம் தொடங்குமுன்பே ஒரே மாதிரி படித்திருக்க வேண்டும். ஒருவர் 'பிளிட்ஸ்' என்றும் மற்றவர் 'சும்மா பாவ்லா' என்றும் படித்தால் பந்து நேராக எதிரி மடியில். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய தம்பதிக்கே சிரமமான காரியம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. 'ஸ்க்ரீன்' என்று பெயர். பாய்ந்து வருகிறவர்களை 'வாங்க, வாங்க' என்று வரவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு, பின்னால் நிற்கும் நம் ஆளிடம் சேர்ப்பது. வந்த வேகத்தில் அவர்களால் திரும்ப முடியாது. விருந்தாளியை வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டு, வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக சினிமாவுக்குப் போவது போல.

இந்தக் குறுகிய வீச்சுகளைப் பெரிய சாஸ்திரமாக்கியவர் பில் வால்ஷ். அதுவும் வறுமையில் பிறந்த சாஸ்திரம்தான். 1969-ல் சின்சினாட்டி அணியின் இளம் குவார்ட்டர்பேக் கிரெக் குக்குக்குத் தோள்பட்டை போய்விட்டது. அடுத்து வந்த வர்ஜில் கார்ட்டருக்குத் தூர எறிய வலுவில்லை. தூரம் போகாத கைக்கு ஏற்றபடி கிட்டத்திலேயே, சீக்கிரமே வீசுகிற ஆட்டத்தை வால்ஷ் வகுத்தார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் அதையே வைத்து ஜோ மான்டானாவோடு மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தார். பலவீனத்துக்குப் போட்ட கைத்தடி பலமாகிவிட்டது.

இதையெல்லாம் விளக்கியதும் சொல்தா காபி டம்ளரை வைத்துவிட்டு, "அட, இது ஆற்காடு கதைப்பா!" என்றார்.

யோசித்தால் சரிதான். 1751. எங்கள் ஊர் கவர்னர் டூப்ளேயின் தயவோடு சந்தா சாகிப் பெரும்படையைத் திரட்டிப் போய்த் திருச்சியை முற்றுகை போட்டார். உள்ளே முகமது அலி. இங்கிலீஷ்காரர்களுக்கோ திருச்சியைக் காப்பாற்ற ஆள் போதாது. ராபர்ட் கிளைவ் திருச்சிப் பக்கமே போகவில்லை. சென்னையிலிருந்து 200 வெள்ளைக்காரர்கள், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டுக்குப் போனார். சந்தா சாகிப்பின் தலைநகரம். படையெல்லாம் திருச்சியில்; இங்கே சண்டையில்லாமலே கோட்டை கிடைத்தது. சந்தா சாகிப் பதறிப்போய் மகன் ராஜா சாகிப்போடு ஒரு படையை ஆற்காட்டுக்குத் திருப்பியனுப்பினார். கிளைவ் 50 நாள் தாக்குப்பிடித்தார். திருச்சி தப்பியது. 1754-ல் டூப்ளே பதவியிழந்து பாரிசுக்குப் போனார். இப்போது கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலையாக நிற்கிறார்.

"காலியான எடத்துல அடிச்சாம்பா. நம்ம டூப்ளே தொரை அதை கவனிக்கல," என்றார் சொல்தா. முன்னூறு வருஷத்தை நெருங்கியும் கோபம் ஆறவில்லை.

மறுபடி 1985-க்கு வருகிறேன். தைஸ்மன் விழுந்து சரியாக இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 2. அதுவும் திங்கட்கிழமை இரவுதான். அந்த வருஷம் சிகாகோ பேர்ஸ் அணி 12 ஆட்டம் ஆடி பன்னிரண்டிலும் வெற்றி. பட்டி ரயன் உருவாக்கிய '46' என்ற தடுப்பு வியூகம். எங்கிருந்து எத்தனை பேர் பாய்வார்கள் என்றே தெரியாது. எதிரணி குவார்ட்டர்பேக்குகள் அரண்டு போயிருந்தார்கள். மயாமியில் டான் மரீனோ எதிரே நின்றார். ஓடத் தெரியாதவர். கால் மந்தம். ஆனால் காதருகே போன கை திரும்பி வருவதற்குள் பந்து போயிருக்கும். பாய்ந்தவர்கள் வந்து சேர்ந்தபோதெல்லாம் அவர் கை காலி. மயாமி 38, சிகாகோ 24. பேர்ஸ் அந்த சீசனில் தோற்ற ஒரே ஆட்டம் அது. பிறகு அவர்கள் சூப்பர் பௌலையே 46-10 என்று வாரிக்கொண்டு போனார்கள் என்றால், மரீனோ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சர்வரோக நிவாரணியா இது? இல்லை. 2008 பிப்ரவரி சூப்பர் பௌலில், தோல்வியே காணாமல் 18 ஆட்டம் ஜெயித்து வந்த நியூ இங்கிலாந்தை ஜயண்ட்ஸ் 17-14 என்று கவிழ்த்தார்கள். பெரும்பாலும் நாலு பேரை வைத்தே டாம் பிராடியை நெருக்கி, ஐந்து தடவை விழுத்தினார்கள். நாலு பேரே போதுமென்றால் பின்னால் ஏழு பேர் அப்படியே காவல். காலி இடமே கிடையாது. அவசரமாக வீசவும் ஆளில்லை. பிளிட்ஸ் என்பது எதிரியின் பலம் இல்லை, அவசரம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவசரப்படுகிறவனைத்தான் சுலபமாக ஜெயிக்கலாம். அவசரப்படாமல் நெருக்குகிறவன்தான் ஆபத்தானவன்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை விடிகாலையில் முழிப்பு வந்தால் டி.வி.யைப் போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும். பாய்ந்து வருகிறவன் எங்கிருந்து கிளம்பினான் என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் ஒருத்தன் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பான். குவார்ட்டர்பேக் மல்லாக்கக் கிடப்பார். அடி எப்படியும் உண்டு. பந்தைக் கொடுத்த பிறகு வாங்கினால் எழுந்து சிரிக்கலாம்.