நிலையம் கட்டினால் மட்டும் போதுமா?

பெங்களூர் நகரின் கழிவு நீரைச் சுத்தம் செய்ய இன்று முப்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 130 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பது குடிநீர் வடிகால் வாரியத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பெருமழை பெய்து மதகு திறந்தால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே வெண்ணுரை மலை மலையாகக் குவிகிறதே, அதையும் மறைப்பதற்கில்லை. நிலையங்களும் இருக்கின்றன, நுரையும் இருக்கிறது என்றால் கோளாறு எங்கே?

இந்தக் கேள்வி காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு மிக நெருங்கிய கேள்வியாகும். பெங்களூர் ஒரு மேட்டு நிலம். அதன் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியைச் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் நீர் ஹெப்பால் பள்ளத்தாக்கு, கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகிய இரண்டின் வழியாகத் தட்சிண பினாகினி ஆற்றில் கலக்கிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர் பெற்ற ஆறுதான் தமிழ்நாட்டில் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே அது கடலை அடைகிறது. கெலவரப்பள்ளி அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கரும், கிருஷ்ணகிரி அணையை நம்பிச் சுமார் 9,000 ஏக்கரும் பயிராகின்றன.

காக்ஸ் டவுனில் கூலி வேலை செய்பவர்களிலும், கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுபவர்களிலும் பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிழைக்க வந்த ஊரின் சாக்கடை, பிறந்த ஊரின் வாய்க்காலில் போய் நிற்கிறது. இங்கே மகன் வீட்டில் கொட்டிய சோப்பு நீர் அங்கே தகப்பனாரின் வயலுக்குப் பாய்கிறது. இதைவிட நேரான உறவு வேறென்ன வேண்டும்?

ஆற்றுக்குப் போகும் வழியில் இந்த நீர் செய்த கூத்தை நாடே பார்த்தது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி 2015ஆம் ஆண்டில் நுரை கக்கிச் சாலையை மூடியது. அதே ஆண்டு மே மாதம் ஏரியிலேயே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் எரிந்தது. 2018 ஜனவரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் வர வேண்டியதாயிற்று. தண்ணீர் எரிந்தால் தீயை எதைக் கொண்டு அணைப்பது என்று மக்கள் கேலி பேசினர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் மாநில அரசு 50 கோடி ரூபாயும், மாநகராட்சி 25 கோடி ரூபாயும் கட்ட வேண்டும் என்று அது உத்தரவிட்டது. ஏரிகளைச் சீர்படுத்தும் வேலைக்கென 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கி வைக்கவும் சொன்னது. மேற்பார்வைக் குழுவுக்கு நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைவராக நியமிக்கப்பட்டார்.

இத்தனைக்கும், நாளொன்றுக்கு 24.8 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் கோரமங்களா–சல்லகட்டா நிலையம் அந்த ஏரிக்குப் பக்கத்திலேதான் இருந்தது. பின்னாளில் 15 கோடி லிட்டருக்கான புதிய நிலையமும் அங்கே எழுந்தது. கட்டடம் இல்லாத குறை அன்று. நடத்துகிற முறையில்தான் குறை என்பதைப் புரிந்துகொள்ள, நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சுத்திகரிப்பு நிலையம் மந்திரக் கூடம் அன்று. வரும் நீரில் உள்ள துணி, பிளாஸ்டிக் முதலியவற்றைக் கம்பிச் சல்லடை தடுக்கும். அடுத்த தொட்டியில் மணலும், அதற்கடுத்ததில் கனத்த கசடும் படியும். அதன் பிறகு வருகிற காற்றூட்டும் தொட்டிதான் நிலையத்தின் இதயம். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி அழுக்கைத் தின்று பெருகுகின்றன. அவை உயிர் வாழக் காற்று வேண்டும். கடைசித் தொட்டியில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் சேறாகப் படிய, மேலே தெளிந்த நீர் வழிந்து வெளியேறும். படிந்த சேற்றில் ஒரு பகுதியை மறுபடியும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். பாலில் முன்னாள் தயிரை உறை ஊற்றுவதற்கு ஒப்பானது இது. உறை குறைந்தால் தயிர் தோயாது. மிஞ்சினால் புளித்துப் போகும். ஆகவே எஞ்சிய சேற்றை அன்றாடம் அகற்றிவிட வேண்டும். 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கண்டு சொன்ன முறை இது. நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் நடக்கும் இந்த முறை பெங்களூரில் மட்டும் நடக்காமல் போக நியாயமில்லை.

நிலையம் தள்ளாடுவதற்குக் காரணங்கள் பொதுவாக மூன்று.

முதலாவது, காற்றுக் குறைவு. இத்தகைய நிலையத்தின் மின்சாரச் செலவில் பாதிக்கு மேல் காற்று ஊதுவதற்கே போய்விடும். சிக்கனம் என்ற பெயரில் முதலில் நிறுத்தப்படுவதும் அதுவே. மின்சாரம் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறிச் சாகும். செத்தவை மீண்டும் பெருகப் பல நாட்கள் பிடிக்கும். ஆக, சில மணி நேர மின்வெட்டின் தண்டனையை ஆறு ஒரு வாரம் அனுபவிக்கிறது. காற்றுக் குழல்களின் நுண் துளைகள் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். இயந்திரம் ஓடும், மின் கட்டணம் ஏறும், தொட்டியில் மட்டும் காற்று இராது.

இரண்டாவது, சேறு தேக்கம். அகற்றிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை, லாரி இல்லை, காய வைக்கும் களம் நிரம்பிவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படும். சேறு உள்ளேயே தங்கும். சேறு வெளியேறாத நிலையம் மலச்சிக்கல் கண்ட உடம்புக்குச் சமானம். ஒரு நாள் அது தெளிந்த நீரோடு பொங்கி வழிந்து ஏரியில் போய்ச் சேரும். செய்த வேலை அத்தனையும் வீண்.

மூன்றாவது, வரக் கூடாதது வருவதும், வர வேண்டியது வராமற் போவதும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுகிறார்கள். தெருவில் நீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியையே திறந்துவிடுகிறார்கள். விளைவு, மழை நாளில் நிலையம் தாங்க முடியாத வெள்ளத்தைப் பெறுகிறது. அந்த வெள்ளம் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களையே அடித்துக்கொண்டு போய்விடும். பட்டறைகளின் அமிலமும் எண்ணெயும் வந்தால் அவை நஞ்சுண்டு மாளும். மறுபுறம், எத்தனையோ தெருக்களின் சாக்கடை குழாயில் சேராமல் நேரே ராஜகாலுவேயில் விழுந்து, நிலையத்தை எட்டிப் பார்க்காமலே ஏரிக்குப் போகிறது. அந்த நீருக்கு எவ்வளவு சிறந்த நிலையமும் பயன்படாது.

இந்த நோய்களுக்கு மருந்து பெரும்பாலும் புதிய கட்டடத்தில் இல்லை. தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், சேறு எவ்வளவு படிகிறது, எப்படிப் படிகிறது என்பது தெரிந்துவிடும். கெட்டியாகப் படிந்தால் நலம். பஞ்சு போல் மிதந்தால் நோய். இச்சோதனைக்குச் செல்வாகும் பணம் ஒன்றுமில்லை. காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவாவது ஆக்சிஜன் இருக்கிறதா என்று ஒரு சிறு கருவி சொல்லிவிடும். நீரின் அழுக்கை அளக்கும் பி.ஓ.டி. சோதனையின் முடிவு கிடைக்க 3 நாட்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் கெட்ட நீர் பெல்லந்தூரைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவேதான் சாடியும் கருவியும் ஷிப்டுக்கு ஒரு முறையேனும் பயன்பட வேண்டும். கண்ட அளவை நோட்டில் எழுத வேண்டும். எழுதியதைப் பார்த்து உறையைக் கூட்டவோ, சேற்றை வெளியேற்றவோ, காற்றை மிகுதியாக்கவோ ஓர் அனுபவசாலி அங்கே இருக்க வேண்டும். பயிற்சி இல்லாத ஒப்பந்த ஆட்களை மாதா மாதம் மாற்றிக்கொண்டிருந்தால் எந்த நிலையமும் தேறாது.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முறையும் மாற வேண்டும். இத்தனை லிட்டர் உள்ளே வந்தது என்று கணக்குக் காட்டினால் போதாது. வெளியே போன நீர் எப்படி இருந்தது என்பதற்கே கூலி தரப்பட வேண்டும். பெருநகரங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்ன பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம். அந்த அளவை எட்டிய நாள் எது, எட்டாத நாள் எது என்பதை நிலையத்தின் வாசலில் பலகை வைத்து எழுதட்டும். சோதனையை வாரியமே செய்து வாரியமே சான்று கொடுத்துக்கொள்வதைவிட, வெளியார் செய்வது நம்பிக்கை தரும்.

நல்ல நீரின் அருமையை 2024 மார்ச் மாதத்தில் பெங்களூர் நன்றாக உணர்ந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது. மகிழ்ச்சியே. ஆனால் வீட்டுக்கு வரும் நீரில் நூற்றுக்கு 80 பங்கு சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதன்படி புதிய நீர் முழுதும் வந்தால் 62 கோடி லிட்டர் புதிய கழிவு. குழாய் திறந்த கையோடு வடிகாலையும் கவனிக்க வேண்டாமா?

நன்றாகச் சுத்தம் செய்தால் கழிவு நீரும் செல்வமே. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவு நீரை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019இல் வந்தன. அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம். பெங்களூரும் இவ்வழியில் பெரிய அடி எடுத்து வைத்தது. வறண்ட கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்ட ஏரிகளுக்கு 44 கோடி லிட்டர் அனுப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. தொடங்கிய சில வாரங்களிலேயே, ஜூலை மாதம், கோலார் ஏரியில் நுரை மிதந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இடையில் நிறுத்தப்பட்ட நீர் பின்னர் மீண்டும் விடப்பட்டது. காய்ந்த ஏரிகளில் நீரைக் கண்ட விவசாயிகள் மகிழ்ந்தார்கள். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று கேட்டவர்கள் இன்னும் கேட்கிறார்கள். தங்கவயல் தமிழர்களும் வாழ்வது அந்த மாவட்டத்தில்தான். ஒரு நாள் கவனக் குறைவு ஒரு நல்ல திட்டத்தின் பெயரையே கெடுத்துவிடும் என்பதே இதில் பாடம்.

எல்லாப் பழியையும் அதிகாரிகள் தலையில் போடுவதும் முறையன்று. கந்தல் துணியும், பிளாஸ்டிக் பையும், எரித்த எண்ணெயும், குழந்தைகளின் டயாபரும் கழிவறைக்குள் தாமாக நடந்து போவதில்லை. தேவைக்கு மேல் அள்ளிப் போடும் சலவைத் தூளே நுரைக்கு விதை. மாடி மழைநீரைச் சாக்கடையில் விடாமல் இருப்பதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. வீட்டுக்காரர் இணைத்திருந்தால் குடித்தனக்காரர் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று மிக முக்கியம். சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்குபவர்கள் யார்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஏழைகள்தாம். 2018 ஜனவரியில் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியில் இறங்கிய மூவர் நச்சு வாயுவால் மாண்டனர். மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உயிருக்கு விலை கிடையாது. நிலையத்தைச் சீர்படுத்துவது என்றால் இயந்திரத்தை மட்டும் சீர்படுத்துவது அன்று. இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்வதும் அதில் சேர்ந்ததே.

இதைக் கன்னடர்–தமிழர் வழக்காக்குவதால் பயனில்லை. பெல்லந்தூர்க் கரையில் நாற்றத்தை முகர்பவர் கன்னடர். கெலவரப்பள்ளியில் நுரையை வழிப்பவர் தமிழர். ஓசூரின் சொந்தக் கழிவும் அந்த ஆற்றில்தான் விழுகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆற்றுக்கு மொழி கிடையாது.

கர்நாடக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ராஜகாலுவேயில் விழும் சாக்கடையைக் குழாயில் சேர்க்கட்டும். காற்று நிற்காதபடி மின்சாரத்தை உறுதி செய்யட்டும். சேற்றை அன்றாடம் அகற்றட்டும். பயிற்சி பெற்ற நிரந்தரப் பணியாளர்களை அமர்த்தட்டும். வெளியேறும் நீரின் தரத்தைத் தினமும் ஊரறியச் சொல்லட்டும். அந்தக் கணக்கைக் கெலவரப்பள்ளி அணைப் பொறியாளருக்கும் அனுப்பட்டும். புதிய அடிக்கல் நாட்டும் விழாவுக்கு முன் பழைய நிலையத்துக்கு ஒரு நாள் அறிவிக்காமல் போய், அந்த ஒரு லிட்டர் சாடியைக் காட்டச் சொல்லி அமைச்சர் பார்க்கட்டும்.