மழை கேட்கும் மண்டபத்தில் ஐந்து நிமிடம்

சீனாவின் சூசோ நகரில் அன்று விடிந்ததிலிருந்தே மழை. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் அப்படித்தான். பிளம் பழம் பழுக்கும் பருவத்து மழை என்று அதற்குப் பெயரே உண்டு. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர், 78 வயது அம்மா முதல் 7 வயதுப் பேரன் வரை, சிங்கப்பூரிலிருந்து குழுச் சுற்றுலாவில் போயிருந்தோம். பேருந்தில் மொத்தம் 31 பேர். ‘எளிய நிர்வாகியின் தோட்டம்’ என்ற பழைய தோட்டத்தின் வாசலிலேயே வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டார்: “ஒன்றே கால் மணி நேரம்தான். மஞ்சள் கொடியை விட்டுவிடாமல் வாருங்கள்.”

கொடியை விடாமல்தான் போனோம். அம்மா மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஒதுக்குப்புறமாக ஒரு சிறு மண்டபம், எதிரே குட்டிக் குளம், ஓரத்தில் வாழை. ‘மழை கேட்கும் மண்டபம்’ என்று பெயர். வாழை இலையில் மழை விழும் ஓசைக்காகவே அங்கே வாழை நட்டிருக்கிறார்கள். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார். “செம்பவாங் வீட்டுக்குப் பின்னாடி இதே சத்தம்தான்ப்பா. தகரக் கூரை அந்தப் போடு போடும், அதுக்கு நடுவுலயும் இது தனியா கேக்கும்” என்றார். அந்த வீடு போய் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அம்மா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே குறைவு.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். காதில் மாட்டிய கருவியில் வழிகாட்டியின் குரல் வந்தது, சீக்கிரம் வரச் சொல்லி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அங்கிருந்து பேருந்து நேராகப் போனது ஒரு பட்டுக் கடைக்கு. அங்கே ஒரு மணி நாற்பது நிமிடம்.

சூசோவின் பட்டைக் குறை சொல்லவில்லை. ஊறிய பட்டுக்கூட்டை நாலு பேர் நாலு மூலையில் பிடித்து, மெத்தை அகலத்துக்குப் படலமாக இழுப்பதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அது பத்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் விற்பனை. பட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் என்றால், அந்த ஊரிலேயே 1991 முதல் பட்டு அருங்காட்சியகம் இருக்கிறதே!

என் மனக்குறை இதுதான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுப் பதவியை விட்டு ஊர் திரும்பிய வாங் சியான்சென் என்ற அதிகாரி அமைத்தது எளிய நிர்வாகியின் தோட்டம். அவருடைய நண்பரும் பெரும் ஓவியருமான வென் செங்மிங் 1533இல் அதை 31 காட்சிகளாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை எழுதினார். இன்றுள்ள தோட்டம் பலமுறை மாறியதுதான், ஆனாலும் அந்த 31 காட்சிகளை எங்கள் ஒன்றே கால் மணி நேரத்தில் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. உள்ளே திரும்பும் இடமெல்லாம் உட்கார இடம் வைத்திருக்கிறார்கள். தாமரை மணம் தொலைவிலிருந்து வந்து சேர ஒரு கூடம், விசிறி வடிவில் ‘யாருடன் அமர்வேன்’ என்றொரு மண்டபம். பெயரிலேயே உட்காரச் சொல்லும் இடத்தை நாங்கள் நடந்தே கடந்தோம். குளத்துக்கு அப்பால் மழை மங்கலில் ஒரு கோபுரம் தெரிய, “அதுக்கு எப்பத் தாத்தா போவோம்?” என்று பேரன் கேட்டான். அது தோட்டத்திலேயே இல்லை. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும் வடக்குக் கோயில் கோபுரம். வெளியே இருப்பதை உள்ளே இருப்பதுபோல் காட்டுவதற்கென்றே அந்தப் பக்கம் மரங்களை விலக்கி வைத்திருக்கிறார்கள். ‘கடன் வாங்கிய காட்சி’ என்பார்கள். அவனுக்கு அதை நின்று சொல்லக்கூட நேரமில்லை.

மறுநாள் கூடுதல் கட்டணப் படகுச் சவாரியை நாங்கள் ஆறு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விடுதியிலிருந்து டாக்சி பிடித்து வலைஞர் தோட்டத்துக்குப் போனோம். மீனவர் வாழ்க்கையை விரும்பிய ஓர் அதிகாரி வைத்த பெயர் அது. முதல் தோட்டம் ஐந்து ஹெக்டேருக்கு மேல், இது அரை ஹெக்டேர்தான். அதற்குள் மூன்று மணி நேரம் இருந்தோம். குளத்தின் மூலைகளில் நீரைப் பாறைக்கு அடியில் வளைத்துவிட்டிருப்பதால் அது எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. ஒரு மூலையில் கைப்பிடியளவு கல்பாலம். மூன்றே எட்டில் கடந்துவிடலாம். பேரன் அதை எத்தனை முறை கடந்தான் என்று எண்ணி மாளவில்லை. பாலம் அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் பக்கத்துக் குளம் பெரிதாகத் தெரிகிறது என்பதை அவனே கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1981இல் இந்தத் தோட்டத்தின் ஒரு முற்றத்தைப் பார்த்துத் தன் கட்டடத்துக்குள் ஒன்று கட்டிக்கொண்டது. அம்மா நீரோர மண்டபத்தில், சாய்வு வைத்த மரப்பலகையில் முதுகைச் சாய்த்தபடி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வலி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் பயண முகவரிடம் பேசினேன். “காசு கொடுப்பவர்கள் நிறைய இடம் கேட்கிறார்கள் சார்” என்றார். அதில் உண்மை இருக்கிறது. நாமும் விளம்பரத் தாளில் ஊர்களை எண்ணித்தான் பணம் கட்டுகிறோம். ஆனால் அடக்க விலைக்கும் கீழே சுற்றுலாவை விற்று, கடைக் கமிஷனில் ஈடுகட்டும் வழக்கத்தைச் சீனாவே 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தில் தடுத்திருக்கிறது. பயணிகளின் சம்மதம் இல்லாமல் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அந்தச் சம்மதத்தை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் நாம்தான். நானும் போட்டேன்.

1994இல் சிங்கப்பூரும் சீனாவும் சேர்ந்து தொடங்கிய தொழிற்பேட்டையால் சூசோ நமக்குப் பழகிய பெயர். அந்நகரின் ஒன்பது தோட்டங்கள் உலக மரபுச் சின்னங்கள். ஒன்பதையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. முதியவரையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகும் குடும்பத்துக்கு ஒரே தோட்டம், முழுதாக அரை நாள் போதும். அதற்காக ஆளுக்கு நூறு வெள்ளி கூடினாலும் நான் கொடுப்பேன்.

அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன் முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தோட்டத்தில் எத்தனை மணி நேரம்? கடையில் எத்தனை மணி நேரம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.