வாயிற்காவலன் வேடம்



பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலைதோறும் உலாவச் செல்பவர்களுக்கு ஷ்மிட் நினைவு மண்டபம் நன்கு அறிமுகமானது. வெண்ணிறச் சுவரும் வளைந்த வாயிலும் கொண்ட அச்சிறு கட்டடம் எத்தனையோ தமிழ்த் திரைப்படங்களில் காட்சி தந்திருக்கிறது. அதன் முன் நின்று காதலர்கள் பாடியிருக்கிறார்கள். அதன் நிழலில் நண்பர்கள் பிரிந்திருக்கிறார்கள். ஆயினும், அது எவருடைய நினைவாக எழுந்தது என்று கேட்டால், அருகில் சுண்டல் விற்பவர் முதல் அங்கே புகைப்படம் எடுத்துக்கொள்பவர் வரை பலரும் விழிப்பார்கள். 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காக்க முயன்று இக்கடலில் மூழ்கி இறந்த ஓர் ஐரோப்பியரின் நினைவுச் சின்னம் அது. படங்களில் அதற்கு இடம் உண்டு. பெயர்ப் பட்டியலில் இடம் இல்லை.

சென்ற மாதம் ஒரு மாலை, அம்மண்டபத்தின் அருகே மணலில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் தந்தையுடன் வந்தான். பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாம். அரசன் வேடம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது.

"எனக்கு வாயிற்காவலன் வேஷம் தாத்தா. ஒரே ஒரு வரி வசனம். நான் நடிக்கப் போவதில்லை" என்றான்.

"நன்றாகப் பேசுகிற பிள்ளை, ஐயா. இவனைப் போய் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நானே ஆசிரியரிடம் சொல்லி விலக்கிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் தந்தை. மகனைவிட அவருக்கே வருத்தம் அதிகம் என்பது குரலில் தெரிந்தது.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. கடற்கரைக்கு வந்தால் எனக்கு நினைவுக்கு வரும் ஒரு நடிகரைப் பற்றிச் சொன்னேன். அதை உங்களிடமும் பகிர்ந்துகொள்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவர் கணேசன். 1964 முதல் 1974 வரை பத்தாண்டுக் காலம் இந்திய விமானப் படையில் பணியாற்றினார். தலைநகர் தில்லியில் இருந்தபோது, அங்குள்ள தமிழர்களின் தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து மேடையேறினார். பின்னர் சென்னைக்கு வந்து, காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' என்ற நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1977 இல் திரைப்படமாக்கியபோது, இவரையும் அதில் நடிக்கவைத்துத் திரையுலகிற்குக் கொண்டுவந்தார். 'டெல்லி கணேஷ்' என்ற பெயரைச் சூட்டியவரும் பாலசந்தரே. அந்த ஆசானின் இறுதிச் சடங்கு 2014 டிசம்பர் 24 அன்று இதே பெசன்ட் நகர் மயானத்தில்தான் நிகழ்ந்தது.

டெல்லி கணேஷ் 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அவர் நாயகர் அல்லர். தந்தை, மாமனார், உதவியாளர், சமையற்காரர், பக்கவாத்தியக்காரர். இவ்வகைக் கலைஞரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். அழகிய சொல்! நாயகனுக்குக் கதை அமைகிறது. இவர்களுக்கோ சில நிமிடங்களே கிடைக்கின்றன. அச்சில நிமிடங்களுக்குள் ஒரு மனிதனின் குணத்தைச் சித்திரமாகத் தீட்டிவிட வேண்டும்.

1979 இல் துரை இயக்கிய 'பசி' படத்தை எண்ணிப் பாருங்கள். சென்னைச் சேரியில் வாழும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரராக, ஷோபாவின் தந்தையாக அதில் வருகிறார். தாமிரபரணிக் கரையின் தமிழைப் பேசி வளர்ந்தவர், சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சை அப்படியே நாவில் ஏற்றிக்கொண்டார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிட்டியது. பதினோராண்டுகள் கழித்து, 1990 இல் வெளியான 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரராக வந்தபோது, மலையாள வாடை கலந்த பாலக்காட்டுத் தமிழ் அவர் வாயில் அருவியாகப் பாய்ந்தது. இரண்டு பேரும் ஒருவரே என்று எவராவது நினைத்திருப்பார்களா?

1987 இல் வந்த 'நாயகன்' படத்தில், இந்தி அறியாத நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர் அவர். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொடியவர் நால்வருள் ஒருவர். அந்நால்வருள் இன்னொருவர் ஜெய்சங்கர் என்பதைக் கவனியுங்கள். 1972 இல் 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற கௌபாய்ப் படங்களில் குதிரை மீது வந்து துப்பாக்கி முழக்கிய நாயகர் அவர்! காலம் மாறியதும் அவரும் பக்க வேடத்தை ஏற்றார். அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1985 இல் வெளியான 'சிந்து பைரவி'. அதில் டெல்லி கணேஷ் மிருதங்க வித்துவான். மது அருந்திவிட்டுக் கச்சேரிக்கு வந்த அவரைப் பாடகர் வெளியேற்றிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடி முடிக்கிறார். அவமானம் மிருதங்கக்காரரின் உள்ளத்தைத் தைக்கிறது. குடியை விட உறுதி பூணுகிறார். பின்னாளில், அவரைக் கண்டித்த அந்தப் பாடகரே மதுவுக்கு அடிமையாகிச் சீரழிகிறார். நாயகன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்பதை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? அந்த மிருதங்கக்காரரைக் கொண்டல்லவா? அவர் அங்கே இல்லாவிடில் அந்த வீழ்ச்சியின் ஆழமே நமக்குத் தெரிந்திராது. குடியால் கலங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. திருந்த முடியும் என்று அக்கதையில் முதலில் காட்டியவர் பெரிய பாடகர் அல்லர், பக்கவாத்தியக்காரரே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவின் கௌபாய்ப் படங்களில் வால்டர் பிரென்னன் என்றொரு நடிகர் இருந்தார். 1894 இல் பிறந்தவர். 1932 இல் நேர்ந்த ஒரு விபத்தில் பற்கள் பலவற்றை இழந்தார். நாயகனாகும் கனவு இருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். அவரோ பொக்கை வாயையே மூலதனமாக்கி, நடுவயது தொடங்கும் முன்பே கிழவர் வேடங்களில் வெளுத்து வாங்கினார். துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசு முதன்முதலாக 1936 ஆம் ஆண்டுப் படங்களுக்கு வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவரே. 1938, 1940 ஆம் ஆண்டுப் படங்களுக்காக மேலும் இருமுறை பெற்றார். 1957 முதல் 1963 வரை 'தி ரியல் மெக்காய்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் தாத்தாவாக வந்து இல்லந்தோறும் உறவினரானார். 1959 இல் வெளிவந்த 'ரியோ பிராவோ' படத்தில் அவருக்கு என்ன வேடம் தெரியுமா? சிறைக்கூடத்தின் கதவைக் காக்கும், கால் ஊனமுற்ற முதியவர்! நாயகர் ஜான் வெய்ன் தெருவில் உலாவ, இவர் கதவுக்குப் பின்னே துப்பாக்கியுடன் முணுமுணுத்தபடி அமர்ந்திருக்கிறார். அந்தக் காவல் தளர்ந்தால் கைதி தப்புவான், கதையே கவிழ்ந்துவிடும்.

இதைக் கேட்டதும் சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவரும் வாயிற்காவலனா?" என்றான்.

"ஆம். உன் நாடகத்தில் காவலன் என்ன சொல்கிறான்?"

"'அரசே, தூதன் வந்திருக்கிறான்' என்று சொல்வான்."

"தூதன் நல்ல செய்தி கொண்டுவந்தானா, கெட்ட செய்தியா?"

"போர்ச் செய்தி, தாத்தா."

"அப்படியானால் அந்தச் செய்தியை அரசனுக்கு முன்பே மோப்பம் பிடித்தவன் நீதான். தூதனின் முகத்தை முதலில் பார்த்தவனும் நீயே. அந்த ஒரு வரியை நீ எப்படிச் சொல்லப் போகிறாய்?"

அவன் பதில் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. தந்தை என்னைப் பார்த்தார். "என் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக நானும் வாசலில்தான் நிற்கிறேன், ஐயா. மகனாவது அரியணையில் உட்காரட்டும் என்று நினைத்துவிட்டேன்" என்று மெல்லக் கூறினார். அந்தச் சொற்கள் என் நெஞ்சைத் தொட்டன. நம்மில் எத்தனை பெற்றோர், தமக்குக் கிட்டாத அரியணையைப் பிள்ளைகளின் தோளில் சுமத்துகிறோம்! தமக்குக் கிட்டிய பணியின் மேன்மையைக் கூறி வளர்க்க ஏன் மறந்துபோகிறோம்?

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 அன்று தம் 80 ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'இந்தியன் 2' படத்திலும் அவர் நடித்திருந்தார். இறுதிவரை வேடத்தின் நீளத்தை அளந்து பார்க்காத உழைப்பு! ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தங்களிடம் பணியாற்றியவரை மறவாமல், விமானப் படையினர் வந்து இறுதி மரியாதை செலுத்தினர். அவர் நாயகராக வாழவில்லை. ஆயினும் தமிழ் பேசும் இல்லங்களில் அவருடைய முகத்தை அறியாதவர் அரிது.

அன்பர்களே, இல்லறமும் ஒரு நாடக மேடை போன்றதே. அங்கே விளக்கேற்றுபவர், கதவு திறப்பவர், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவர் என்று ஒரு வரி வேடக்காரர்களே மிகுதி. இன்றிரவு உணவருந்தும்போது, உங்கள் இல்லத்தில் அவ்வேடத்தைத் தாங்குபவர் யார் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பார்த்த பின் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள்.

சிறுவன் நடித்தான். நானும் போய்ப் பார்த்தேன். அரசன் இருமுறை வசனத்தை மறந்தான். காவலன் தன் ஒரு வரியைச் சொல்லுமுன், வாயிலுக்கு வெளியே திரும்பி ஒரு கணம் பார்த்தான். அந்தக் கணத்தில் அரங்கில் இருந்த நாங்கள் அனைவரும் அவன் பார்த்த திசையிலேயே திரும்பிப் பார்த்தோம்.