பண்டிதருக்குக் கணிதத்தில் என்ன வேலை?

சென்ற கிழமை நண்பரொருவர் என்னைப் பேருந்து நிலையத்திற் கண்டு நகைத்தார். என் கைப்பையினுள் நன்னூலோடு பதினோராந் தரக் கணித நூலும் விஞ்ஞான நூலும் நாட்டுப்படங்களும் நெருங்கியிருக்கக் கண்டமையே அந்நகைப்புக்குக் காரணம். "பண்டிதருக்குக் கணிதத்தில் என்ன வேலை?" என்றார். பேருந்து புறப்படுந் தறுவாயில் நின்றமையால் அவருக்கு அப்பொழுது விடை கூற இயலவில்லை. அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

யான் கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் பயின்று பண்டிதப் பட்டம் பெற்றவன். தொழிலாற் பாடசாலை ஆசிரியன். சனிக்கிழமைதோறும் வெலிமடை நகரிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் சில வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். நகரத்து வீட்டிற் பணம் பெறுவேன். தோட்டத்து வீடுகளில் தேநீர் மட்டுமே.

காலையிற் செல்வது ஒரு வணிகர் வீடு. மகன் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கின்றான். வறிய வீட்டுத் திறமைசாலிகளை நல்ல பாடசாலைகளுக்கு அனுப்பவென ஏற்பட்ட பரீட்சை, இன்று வசதியுடையோரின் ஓட்டப் பந்தயமாகிவிட்டது. நானும் அப்பந்தயத்துக்கு ஒரு கைத்தடி. அதற்குமேல் அவ்வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நண்பகலில் மலையேறித் தோட்டத்து லயத்தை அடைகின்றேன். அங்கே க.பொ.த. சாதாரண தரம் எழுதவிருக்கும் மாணவி ஒருத்தி. அவளுக்குப் பத்தாந் தரத்திற் பயிலும் தம்பி. சாதாரண தரத்திற் கணிதம் தவறின், மற்றைப் பாடங்களிற் பெற்ற சித்தி பெரிதும் உதவாது. அவளோ கணிதத்தில் முப்பது புள்ளியைத் தாண்டியதில்லை. "எனக்குக் கணக்கு வராது சேர்" என்பது அவள் முதல்நாள் சொன்ன வாக்கியம்.

அன்று ஒரு வினா கொடுத்தேன். ஒருவர் தம் மாத வருமானத்தில் 3/8 பங்கை உணவுக்குச் செலவிட்டார். எஞ்சியதில் 2/5 பங்கைக் கல்விக்குச் செலவிட்டார். பின்னும் 15,000 ரூபாய் இருந்தது. அவர் வருமானம் யாது? அவள் 3/8 ஐயும் 2/5 ஐயும் ஒன்றிலிருந்து கழித்து, 66,666 ரூபாயும் சில சதமும் என்று விடை எழுதினாள். பின்னங்களைக் கையாண்ட முறையில் ஒரு பிழையுமில்லை. 'எஞ்சியதில்' என்ற சொல்லைத்தான் அவள் கண் தாண்டிச் சென்றிருந்தது. பொருள் கேட்டேன், விழித்தாள்.

"அம்மா சம்பளம் வந்ததும் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"கடைக் கடனைக் கட்டுவாங்க சேர். மிச்சத்துல பாதியைச் சீட்டுக்குக் குடுப்பாங்க."

"எதில் பாதி? சம்பளத்திலா?"

"இல்ல சேர், மிச்சத்துல!" என்றவள் சற்று நின்று, தான் எழுதியதைத் தானே அடித்தாள். 3/8 போக மிச்சம் 5/8, அதில் 2/5 என்பது 1/4, ஆகவே கையிலிருப்பது 3/8, வருமானம் 40,000. மூன்று நிமிடமும் ஆகவில்லை.

அன்பர்களே, இப்பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யார் கூறுவது? மாதத்தில் 24 நாள் கொழுந்தெடுக்கச் சென்ற தாய்க்கு, நிறை குறைந்தமையால் 8 நாள் 'அரைப்பேர்' போட்டனர் எனின், மொத்தம் 20 பேர் என்று தாள் தொடாமற் சொல்லுகின்றாள். அவளுக்கு வாராதது வினாத்தாளின் தமிழ்.

கலைச்சொற்களையே இதற்குக் குறை கூறுவர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. 'ஒளித்தொகுப்பு' என்ற சொல்லை ஒருமுறை விளக்கியதும் அவள் பற்றிக்கொண்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். சுவாமி விபுலாநந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாக விளங்கினார். கலைச்சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்குகின்றார். 'எஞ்சிய', 'தரப்பட்டுள்ள', 'எனக் கொள்க', 'முறையே' என்பனவற்றை விளக்குவார் எவருமிலர். கணித ஆசிரியர் இவை தமிழ்ப்பாடம் என விடுகின்றார். தமிழாசிரியரோ செய்யுளுக்குப் பொழிப்புரை சொல்லிக்கொண்டிருக்கின்றார். போதாக்குறைக்கு, நம் பாடநூல்களிற் பல சிங்களத்தில் எழுதப்பெற்றுப் பின் தமிழாக்கப்படுவன. சில வாக்கியங்களுக்கு எழுவாயைத் தேடிப் பண்டிதனாகிய யானே இருமுறை படிக்க நேர்கின்றது.

இதில் என் பிழையும் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கட்டுரையில் 'கான் வெட்டினார்கள்' என்று எழுதியிருந்தான். கான் எனின் காடு என்று மட்டுமே அறிந்திருந்த யான் அதனைச் சிவப்பு மையால் அடித்து 'வடிகால்' என்று திருத்தினேன். அவன் அதற்குப்பின் கட்டுரையில் தோட்டத்தைப் பற்றி எழுதவேயில்லை.

அந்தக் கானே சென்ற சனிக்கிழமை எனக்குக் கைகொடுத்தது. தம்பிக்குப் புவியியலிற் சமவுயரக் கோடு விளங்கவில்லை. படத்தில் வளைந்து வளைந்து செல்லும் அக்கோடுகளை ஆறுகள் என்று எண்ணியிருந்தான். வாசலில் இருந்த அவன் தாத்தா, தேயிலை மலையிற் கான் வெட்டி முதுகு வளைந்தவர், எட்டிப் பார்த்தார். "இது மலையைச் சுத்தி மட்டம் பிடிச்சுப் போற கோடுல்ல? கானும் இப்படித்தான் கிட்டத்தட்ட மட்டமாப் போகும். தண்ணி ஓடவும் வேணும், மண்ணை அள்ளிக்கிட்டுப் போகவும் கூடாது" என்று எதிர்மலையைக் காட்டினார். பையன் மலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கோடுகள் நெருங்கினாற் செங்குத்து என்பதை யான் சொல்லுமுன் அவனே சொன்னான்.

நம் இலக்கியச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. யானும் போர்த்துக்கொண்டவனே. அவற்றுள் ஒன்றாயினும் ஒரு கணித வினாத்தாளை முன்வைத்து, இதன் தமிழ் பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளங்குமா என ஒரு மாலைப்பொழுது ஆராய்ந்ததுண்டா? கணித நூலோ விஞ்ஞான நூலோ அச்சேறுமுன் ஒரு தமிழாசிரியரும் ஒரு தோட்டப் பாடசாலை மாணவரும் அதனை வாசித்தல் வேண்டும் என்று கேட்பதிற் பிழையென்ன? அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பாடத்திற்கொருவராகப் பணங் கொடுத்து வகுப்புத் தேடியலைவோர் தேடட்டும். அதற்கும் வழியற்ற வீட்டுக்கு, எல்லா நூல்களையும் உடனிருந்து வாசிக்கும் ஒருவர் போதும். அவர் தமிழாசிரியராயிருத்தலே பொருத்தம் என்பேன்.

அந்திவேளையில் வரலாறு. 1818 இல் ஊவாக் கிளர்ச்சியின் தலைவனாக உயிர் துறந்த கெப்பெட்டிபொலவின் பெயரை வெலிமடைக்கு அண்மையிலுள்ள ஊரொன்று தாங்கி நிற்றலின், அப்பாடம் பையனுக்கு இனித்தது. அடுத்து, பெருந்தோட்டங்கள் வந்த கதை. அவன் குறிப்புப் புத்தகத்தில், 'காடுகள் அழிக்கப்பட்டன, கோப்பி பயிரிடப்பட்டது, பின்னர் தேயிலை பயிரிடப்பட்டது, பாதைகள் அமைக்கப்பட்டன' என்றிருந்தது. அனைத்தும் செயப்பாட்டுவினை. செய்தவன் யார் என்று ஒரு வரியிலுமில்லை. அவற்றைச் செய்வினையாக மாற்றி எழுது என்றேன். எழுதத் தொடங்கியவன் நிமிர்ந்து, "எழுவாய் யாரைப் போடுறது சேர்?" என்றான்.

"தாத்தாவைக் கேள்" என்றேன்.

முதியவர் நெடுநேரம் யோசித்தார். தம் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து நடந்து, கடல் கடந்து, மீண்டும் நடந்து இம்மலைக்கு வந்ததைச் சொன்னார். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. தன் தமக்கைக்குத் தெரிந்திருக்கும், அவள் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கின்றாள், திருவிழாவுக்கு வரும்போது கேட்டுச் சொல்வதாகக் கூறினார். பையன் எழுவாயின் இடத்தை வெறுமையாக விட்டு, மற்றவற்றை எழுதி முடித்தான். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டமையால் யான் இறங்கி வந்துவிட்டேன்.